ஒரு ராத்தல் தானியம்

அரசின் உதவியைப் பெறுபவர் உழைத்துத்தான் பெற வேண்டும் என்ற நிபந்தனை பல நாடுகளில் புதிய சீர்திருத்தம்போல் அவ்வப்போது அறிவிக்கப்படுகிறது. உண்மையில் அது மிகப் பழையது. தமிழ் மண்ணில், பட்டினியின் உச்சத்தில், அதைக் கடுமையாகச் செயல்படுத்தியவர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

1826-இல் இங்கிலாந்தின் உஸ்டர்ஷயரில் பிறந்த டெம்பிள், ரக்பி பள்ளியிலும் ஹெய்லிபரி கல்லூரியிலும் பயின்று, இருபது வயதில் வங்காள ஆட்சிப்பணியில் சேர்ந்தார். அயராத உழைப்பாளி. மத்திய மாகாணங்களின் தலைமை ஆணையராகவும், ஹைதராபாதில் ஆங்கில அரசின் பிரதிநிதியாகவும், வைஸ்ராய் அவையின் நிதி உறுப்பினராகவும் படிப்படியாக உயர்ந்தார்.

1874-இல் பிகாரைப் பஞ்சம் தாக்கியபோது நிவாரணப் பொறுப்பு அவரிடம் வந்தது. பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் டன் அரிசியை அரசே இறக்குமதி செய்தது. வேலை செய்ய இயன்றவர்களுக்கு வேலையும் இயலாதவர்களுக்கு உணவும் தாராளமாகக் கிடைத்தன. பட்டினிச் சாவு மிகக் குறைவு. ஆனால் அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. பொதுப்பணத்தை வீணடித்தார் என்ற பழி. பஞ்சம் முடிந்தபின் தானியம் மிஞ்சிக் கிடந்ததைக் குறைகூறுவோர் சான்றாகக் காட்டினர். சாவுகள் தடுக்கப்பட்டதையோ எவரும் கணக்கில் சேர்க்கவில்லை.

1876-இல் பருவமழை பொய்த்து, தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம் பரவியது. இரண்டாம் ஆப்கானியப் போருக்கு முந்தைய அந்த ஆண்டுகளில் செலவைச் சுருக்குவதிலேயே வைஸ்ராய் லிட்டனின் கவனம் இருந்தது. 1877 ஜனவரியில் அவருடைய பஞ்சத் தூதராக மதராஸ் மாகாணத்துக்கு வந்த டெம்பிள், பிகாரில் கண்ட மனிதரல்ல. நிவாரணப் பட்டியல்களிலிருந்து லட்சக்கணக்கானோர் நீக்கப்பட்டனர். நாள் முழுவதும் மண் சுமப்பவருக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அவர் வகுத்தார். இதுவே வரலாற்றில் டெம்பிள் கூலி எனப் பெயர் பெற்றது.

இதன் வேர் இங்கிலாந்தின் 1834-ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தில் இருக்கிறது. உதவியைக் கசப்பாக்கினால் உண்மையில் தேவைப்படுபவர் மட்டுமே வருவார் என்பது அச்சட்டத்தின் தத்துவம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், கருவூலத்துக்கு எல்லை உண்டு என்பதையும், தகுதியற்றோர் நுழைவதைத் தடுக்க ஏதேனும் அளவுகோல் தேவை என்பதையும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் உழைப்பையே அளவுகோலாக்கும்போது ஒரு முரண் எழுகிறது. வலுவுள்ளவர் தேர்வில் வெல்வார். பசியால் தளர்ந்தவர் தோற்பார். யாருக்காக உதவியோ அவரே வெளியே தள்ளப்படுவார்.

மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை உணர்ந்தார். சிறைக்கைதிக்குத் தரும் உணவைவிடவும் இது குறைவு என்று வாதிட்டார். பம்பாய் மாகாணத்தில் நிவாரணத் தொழிலாளர்கள் குறைந்த கூலியை ஏற்க மறுத்து முகாம்களை விட்டே வெளியேறினர். சில மாதங்களில் மதராஸ் அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் காலம் கடந்திருந்தது. பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. இவ்வளவுக்கும் டெம்பிள் ஒருவரே காரணம் என்பது நியாயமாகாது; அவர் வகுத்த கூலிக்குப் பங்கில்லை என்பதும் உண்மையாகாது. அன்று நிவாரணப் பணியாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இன்றும் சென்னையில் கிடக்கிறது.

டெம்பிள் 1877-லேயே பம்பாய் ஆளுநரானார்; 1880-இல் தாயகம் திரும்பி, பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1902-இல் காலமானார். அந்தப் பஞ்சத்தின் விளைவாக அமைந்த ஆணையம் 1880-இல் அறிக்கை அளித்தது. பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. வேலை கேட்பவருக்கு உடல்நலம் காக்கும் கூலியில் வேலை, இயலாதவருக்கு இலவச உதவி என்பது அரசின் கடமையாக எழுத்தில் ஏறியது. 2005-இல் நம் நாடாளுமன்றம் ஊரக வேலையை உரிமையாக்கியபோது அந்தக் கடமை மேலும் ஒரு படி உயர்ந்தது.

பிகாரில் உயிர்களைக் காத்தவரும் மதராஸில் தானியத்தை அளந்து குறைத்தவரும் ஒரே மனிதர்தாம். அவருடைய திறமை மாறவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி மாறியது. முதலில் எத்தனை பேரைக் காக்கலாம் என்பது கேள்வி. பிறகு எவ்வளவு மிச்சப்படுத்தலாம் என்பது. வேலை நிபந்தனை எங்கு முன்மொழியப்பட்டாலும், அது இவ்விரண்டில் எந்தக் கேள்விக்கு விடை என்பதை முதலில் கேட்டறிவது நம் கடமை.