உருக்கவில்லை, கரைத்தார்

டிசி டிக் மெஷினில் அலுமினியத்தை வெல்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? டார்ச்சை நெகட்டிவில் போட்டு ஆர்க் அடிச்சா, உள்ளே உலோகம் உருகிடும். மேலே மட்டும் ஒரு தோல், பால் மேல் படியும் ஆடை மாதிரி, சுருங்கிக்கிட்டே நிற்கும். ஃபில்லர் ராடை வச்சாலும் சேராது. அந்தத் தோல்தான் அலுமினியம் ஆக்சைடு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேணும். கரன்ட்டை ஏத்திக்கிட்டே போனா, ஆக்சைடு உருகறதுக்குள்ள ஜாப் ஓட்டையாகிடும்.

ஏசி மெஷினில், ஜாப் நெகட்டிவாக இருக்கும் அரைச்சுற்றில் ஆர்க்கே அந்தத் தோலை உடைச்சு எடுத்துடும். டார்ச் நெகட்டிவ் டிசியில் அந்த வசதி கிடையாது. அப்போ கைகொடுப்பது ஃப்ளக்ஸ். நகைப் பட்டறையில் பத்தர் வெங்காரம் வைப்பாரே, அதே மாதிரி வேலை. ஆனா அலுமினியத்துக்கான பொடியில் குளோரைடோடு ஃப்ளோரைடும் இருக்கும். ஃப்ளோரைடு எதுக்கு? இதைப் புரிஞ்சுக்க சார்லஸ் மார்ட்டின் ஹாலின் கதையைப் பார்க்கணும்.

ஹால் 1863 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். ஓபர்லின் கல்லூரியில் படித்தார். அங்கே வேதியியல் பேராசிரியர் ஃபிராங்க் ஜூவெட், அலுமினியத்தை மலிவாக எடுக்க வழி கண்டுபிடிக்கிறவருக்கு உலகமும் கடன்படும், காசும் கொட்டும் என்று வகுப்பில் சொன்னார். அப்போ அலுமினியம் வெள்ளி மாதிரி விலை. 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைத்ததே சுமார் 2.8 கிலோ அலுமினியத் தொப்பிதான். அவ்வளவு அபூர்வம்!

1885-ல் டிகிரி முடித்த ஹால், வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையையே லேப் ஆக்கினார். கரன்ட்டுக்கு அவரே செய்த பேட்டரிகள். அதாவது அவரிடம் இருந்ததும் டிசிதான்! எதிரி யாருன்னு பார்த்தா, நம்ம வெல்டிங்கில் வர்ற அதே ஆக்சைடு. அதை உருக்கி மின்சாரம் பாய்ச்சலாம் என்றால் அந்தச் சூட்டுக்கு அடுப்பு கிடையாது. தண்ணீர்க் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினாலும் ஹைட்ரஜன்தான் வரும், அலுமினியம் வராது.

அதனால் ஹால் கேள்வியையே மாத்தினார். உருக்க முடியலையா, எதிலாவது கரையுதான்னு பார்ப்போம். ஒவ்வொரு ஃப்ளோரைடாக முயற்சி செய்து, 1886 பிப்ரவரியில் கிரையோலைட்டுக்கு வந்தார். சோடியம், அலுமினியம், ஃப்ளோரின் மூன்றும் சேர்ந்த கனிமம் அது. சுமார் 1,000 டிகிரியில் உருகும். உருகியதும் ஆக்சைடைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும்.

ஆனாலும் முதலில் அலுமினியம் வரவில்லை. களிமண் மூசையில் இருந்த சிலிக்காவும் சேர்ந்து கரைந்து கெடுக்குதுன்னு கண்டுபிடித்து, உள்ளே கார்பன் பூச்சு கொடுத்தார். பிப்ரவரி 23 அன்று சின்னச் சின்ன வெள்ளி நிற உருண்டைகள் கிடைத்தன. ஹாலுக்கு அப்போ வயசு 22. நம்ம வயசுதான்!

கதை இங்கே முடியல. பிரான்சில் அதே 1863-ல் பிறந்த பால் எரூவும் அதே முறையைக் கண்டுபிடித்து, ஹாலுக்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். அமெரிக்காவில் யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதே கணக்கு. எனவே ஹால் தேதியை நிரூபிக்க வேண்டியிருந்தது. அவர் அண்ணனுக்கு எழுதிய கடிதங்களும், அதே கல்லூரியில் வேதியியல் படித்த அக்கா ஜூலியாவின் சாட்சியமும் காப்பாற்றின. 1889 ஏப்ரல் 2 அன்று காப்புரிமை கிடைத்தது. ரெக்கார்ட் நோட்டில் தேதி போடச் சொன்னா சலிச்சுக்கிறோமே, இதை நினைச்சுக்கோங்க.

1888-ல் பிட்ஸ்பர்கில் தொடங்கிய கம்பெனிதான் பிறகு அல்கோவா ஆனது. 1893-க்குள் ஒரு பவுண்டு அலுமினியம் ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. ஹால் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1914 டிசம்பர் 27 அன்று இறந்தபோது, சொத்தில் பெரும்பகுதியைக் கல்விக்கு எழுதி வைத்திருந்தார். ஓபர்லினுக்கும் ஆசியக் கல்விக்கும் அதில் பங்கு உண்டு. எரூவும் அதே வருஷம்தான் இறந்தார்.

இப்போ நம்ம பொடிக்கு வருவோம். ஃப்ளக்ஸில் இருக்கும் ஃப்ளோரைடு செய்வது ஹாலின் மூசையில் நடந்த வேலையைத்தான். சில ஃப்ளக்ஸ் கலவைகளில் கிரையோலைட்டே இருக்கும். ஆக்சைடு கரைந்து கசடாக மேலே ஒதுங்கினால், அடியில் இருக்கும் உலோகம் ஒன்றோடு ஒன்று சேரும்.

ஏசி மெஷின் இருந்தா அதுதான் நல்லது. இது இல்லாத இடத்துக்கான வழி. முதலில் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்து, பொடியைக் குழைத்து ராடிலும் ஜாயின்ட்டிலும் மெல்லிசாகப் பூசுங்க. டங்ஸ்டன் அதில் படக் கூடாது. புகையில் ஃப்ளோரைடு இருக்கும், காற்றோட்டம் கட்டாயம். முடிந்ததும் வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்க. மிச்சம் இருந்தா ஈரத்தை இழுத்து ஜாயின்ட்டையே அரிச்சிடும். ஆக்சைடைத் தின்ன அதே பொடி, சும்மா விட்டா அலுமினியத்தையும் தின்னும்.