கடலைப் பார்த்துக் கேள்வி கேட்டவர் – சர் சி.வி.ராமன்



பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நாளுக்குக் காரணமானவரைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன்.

ராமன் 1888 நவம்பர் 7-ல் திருச்சியில் பிறந்தார். அப்பா கல்லூரி ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ. முதலிடம், தங்கப்பதக்கம்! மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்றால், அந்தக் குளிரை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி என்று நிதித்துறைத் தேர்வு எழுதி, அதிலும் முதலிடம். 1907-ல் கல்கத்தாவில் பெரிய அதிகாரி.

வேறு யாராவது என்றால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஆபீஸுக்குப் போகும் முன்னும், ஆபீஸ் விட்டு வந்த பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்தில் சோதனை செய்தார். பத்து வருஷம் இப்படி! 1917-ல் அந்த வேலையையே விட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார்.

1921-ல் கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தார். வானத்தின் நிறம்தான் தெரிகிறது என்று பெரிய விஞ்ஞானி ராலே சொல்லியிருந்தார். ராமன் அதை அப்படியே நம்பவில்லை. கையில் இருந்த சின்னப் பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலம்தான்! தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டார். (தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் முக்கியக் காரணம் என்று இன்று தெரியும்.)

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1928-ல் கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து, சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வருவதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பொருளுக்கும் அந்த மாற்றம் வேறு வேறு, நம்ம கைரேகை மாதிரி. 1930-ல் நோபல் பரிசு. 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர். 1970 நவம்பர் 21-ல் மறைந்தார்.

கதை அதோடு முடியவில்லை. அவர் மறைந்து இரண்டு வருஷத்தில், 1972-ல், ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் தண்ணீரில் வைத்த டைட்டானியம் டை ஆக்சைடு மேல் ஒளியைப் பாய்ச்சி, ஹைட்ரஜனைப் பிரித்துக் காட்டினார்கள். ஹைட்ரஜன் எரிந்தால் புகை இல்லை, மிஞ்சுவது தண்ணீர்தான். ஆனால் அந்தப் பொருள் பெரும்பாலும் புறஊதா ஒளியைத்தான் பிடிக்கும். வெயிலில் அது கொஞ்சம்தான். அதனால்தான் இப்போது நானோ பொருட்களைத் தேடுகிறார்கள். பொடி எவ்வளவு நுண்மையோ, தண்ணீர் படும் பரப்பு அவ்வளவு அதிகம். பெங்களூரில் சி.என்.ஆர்.ராவ் குழுவினர் மாலிப்டினம் டை சல்பைடின் மெல்லிய நானோ தாள்களை வைத்து இந்த ஆராய்ச்சி செய்தார்கள். செய்த பொடி சரியான படிகமா என்று பார்க்க எந்தச் சோதனை தெரியுமா? நம்ம ராமன் விளைவுதான்!

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தண்ணீர் வேண்டும். நம்ம தருமபுரியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். குடத்துத் தண்ணீரை எடுக்காமல், உப்புத் தண்ணீரிலும் கழிவுத் தண்ணீரிலும் இதை மலிவாகச் செய்ய வழி உண்டா? இன்னும் முழு விடை வரவில்லை. ராமன் மாதிரி, பெரியவர்கள் சொன்னதையும் சோதித்துப் பார்க்கும் ஒருவர் நம்ம பள்ளியிலிருந்தே வரட்டுமே!

– பதினோராம் வகுப்பு மாணவி