இறந்தோரையும் கணக்கில் எழுதியவர்

ஜேர்மனியின் றூகன் தீவில் 1829இல் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர் தியோடர் பில்ரோத். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். சங்கீதத்தில் மனம் லயித்திருந்தும் தாயாரின் விருப்பப்படி மருத்துவம் கற்றார். 1860இல் சூரிச்சில் பேராசிரியரானார். 1867இல் வியன்னா சென்றார். இசைமேதை பிராம்ஸ் அங்கே அவரது உற்ற நண்பர்.

பலர் வெற்றிகளை மட்டுமே எழுதிய காலம் அது. பில்ரோத் தமது சத்திரசிகிச்சையின் பின் இறந்தோரின் விபரத்தையும் அச்சிட்டார்.

அன்று இரைப்பையின் கீழ்வாயில் புற்றுநோய் வந்தால், உண்டது கீழே இறங்காது. நோயாளி பட்டினியால் மெலிந்து இறப்பார். அப்பகுதியை வெட்டி அகற்ற முன்னர் முயன்ற இருவரின் நோயாளிகளும் பிழைக்கவில்லை. பில்ரோத்தின் மாணவர்கள் முதலில் நாய்களில் செய்து பார்த்தனர். பின்னர், 1881 ஜனவரி 29இல், தெரேசா ஹெல்லர் என்ற 43 வயதுத் தாய்க்கு அவர் அதனைச் செய்தார். எஞ்சிய இரைப்பையை முன்சிறுகுடலுடன் பட்டு நூலால் தைத்தார். தெரேசா மீண்டும் உணவு உண்டார்; வீடு திரும்பினார். ஏறக்குறைய நான்கு மாதங்களில் பரவிய புற்றுநோயால் இறந்தார். ஆனால் தைத்த இடம் நன்கு ஆறியிருந்தது. இன்றும் அம்முறை பில்ரோத்தின் பெயராலேயே வழங்குகிறது. அவர் 1894இல் காலமானார்.

வியன்னாப் பல்கலைக்கழகம் மருத்துவம் கற்கப் பெண்களை அனுமதித்தது 1900இல்தான். எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் தவளையை வெட்டக் கத்தி பிடித்த எனக்கு இன்று தெரேசாவின் வயது. என் குறிப்பேட்டில் தவறியவற்றையும் எழுதுகிறேன். அது பில்ரோத்திடம் கற்றது.