ஜாண் நியூட்டன் ஐயர் சரித்திரம்

பாவி ஒருவன் கடவுளிடம் திரும்புதல் ஒரு நாளிற் கூடுமோ, அன்றி வாழ்நாள் முழுதும் வேண்டுமோ என்னும் வினா, கிறிஸ்து மார்க்கத்தைக் கருத்தோடு ஆராய்வார் யாவர்க்கும் எழுவதொன்றாம். சாஸ்திர வாதங்களால் இதனைத் தீர்க்க முயல்வதினும், இவ்வழியில் நடந்து சென்றார் ஒருவரது வரலாற்றை உற்று நோக்குதல் நலம். அதற்கு மிகவும் ஏற்றவர் ஜாண் நியூட்டன் ஐயர். புவியீர்ப்பு நியதியை விளக்கிய ஐசக் நியூட்டன் வேறு, இவர் வேறு. இவர் முதலில் மாலுமியாகவும், அடிமைக் கப்பலின் தலைவராகவும் இருந்து, பின்னர்க் குருவாகவும், பாடலாசிரியராகவும் விளங்கியவர். அமேசிங் கிரேஸ் என்னும் பெயரால் உலகெங்கும் பாடப்படும் ஞானப்பாட்டு இவர் இயற்றியதே.

நியூட்டன் 1725ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இலண்டன் மாநகரில் தேம்ஸ் நதியை அடுத்துள்ள வாப்பிங் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் மத்தியதரைக் கடல் வணிகத்தில் ஈடுபட்ட கப்பற்றலைவர், கண்டிப்பு மிகுந்தவர், ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிற் கழிப்பவர். அன்னையாராகிய எலிசபெத் அம்மையாரோ பக்தி நிறைந்தவர். தம் ஒரே மைந்தனைக் குருவாக்க வேண்டுமென்று விரும்பி, வேத வசனங்களையும், ஞானோபதேச வினாவிடைகளையும், ஐசக் வாட்ஸ் என்பாருடைய பாட்டுகளையும் இளமையிலேயே கற்பித்து வந்தார். ஆயின், அவ்வம்மையார் க்ஷயரோகத்தால் வருந்தி, மைந்தனுக்கு ஏழு வயது நிறையுமுன்னரே, 1732ஆம் ஆண்டிற் காலஞ்சென்றார். விதைத்தவர் மறைந்தார், விதையோ நெடுங்காலம் மண்ணுள் உறங்கிக் கிடந்தது.

பதினோராம் வயதில் நியூட்டன் தந்தையாரோடு கடலிற் செல்லத் தொடங்கினார். 1742ஆம் ஆண்டின் இறுதியில் கெண்ட் நாட்டிலே மேரி கேட்லெட் என்னும் இளம்பெண்ணைக் கண்டு, அவள்பால் அழியாக் காதல் கொண்டார். இளைஞரை வலியப் பிடித்துப் போர்க்கப்பலில் ஏற்றும் வழக்கம் அக்காலத்தில் ஆங்கில அரசாங்கத்தாருக்கு இருந்தது. 1744ஆம் ஆண்டில் நியூட்டனும் அவ்வாறு பிடிபட்டு, ஹார்விச் என்னும் போர்க்கப்பலிற் சேர்க்கப்பட்டார். அங்கே நாஸ்திக வாதம் பேசும் நண்பர் வாய்த்தனர். அன்னை கற்பித்த விசுவாசம் அவரை விட்டகன்றது. கப்பலினின்று தப்பியோட முயன்று அகப்பட்டு, மாலுமிகள் அனைவரும் காணச் சவுக்கடி பெற்றுப் பதவியும் இழந்தார். தாமே நாஸ்திகரானதோடு அமையாது, பிறர் விசுவாசத்தையும் பரிகசித்துக் கெடுப்பதில் இன்பங்கண்டார். வன்சொல்லுக்குப் பழகிய மாலுமிகளும் கேட்டு வெறுக்குமளவிற்குத் தெய்வ நிந்தனை அவர் வாயிற் பெருகிற்று.

1745ஆம் ஆண்டில் மதீரா தீவருகே அடிமைக் கப்பலொன்றுக்கு மாற்றப்பட்டு, மேற்கு ஆப்பிரிக்கக் கரையை அடைந்தார். அங்கே சியாரா லியோனைச் சார்ந்த பிளாண்டேன் தீவுகளில், அடிமை வணிகன் ஒருவனிடம் வேலைக்கமர்ந்தார். பொருளீட்டலாமென்று சென்றவருக்குக் கடுங்காய்ச்சலும், பட்டினியும், அவமதிப்புமே கிடைத்தன. உடுக்கப் போதிய உடையின்றி, உண்ண உணவின்றி, இரவிற் பச்சைக் கிழங்குகளைத் தோண்டித் தின்றார். அந்நாளில் அவர்மீது இரங்கியவர் யாவர்? விலங்கு பூண்ட அடிமைகளே. தமக்கு அளிக்கப்பட்ட சிறிதளவு உணவிலிருந்து ஒரு பங்கை எஜமானர் அறியாதபடி அவருக்குக் கொடுத்து உயிர் காத்தனர். இச்செய்தியைப் பிற்காலத்தில் அவரே தம் சரித்திரத்தில் எழுதிவைத்துள்ளார். இதனை நாம் மறத்தலாகாது. மற்றொரு செய்தி மாணவர்க்கு வியப்பளிப்பதாம். அத்தனை துயரத்திடையிலும் அவரிடம் யூக்ளிடின் க்ஷேத்திர கணித நூலொன்று இருந்தது. கடற்கரை மணலில் நீண்ட கோலால் உருவங்களை வரைந்து வரைந்து, ஆசிரியரின்றியே அந்நூலின் முதலாறு பாகங்களையும் கற்றுத் தேர்ந்தார்.

தந்தையாரின் வேண்டுகோளால் அவரைத் தேடிவந்த கிரேஹவுண்ட் என்னும் கப்பல் 1747ஆம் ஆண்டில் அவரை ஏற்றிக்கொண்டது. பொன், தந்தம், தேன்மெழுகு, சாயமரம் ஆகியவற்றை வாங்கி ஏற்றிக்கொண்டு, ஓராண்டுக்குப்பின் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து ஊர் திரும்பியது. வழியிற் பொழுதுபோக்காக, கிறிஸ்துவைப் பின்பற்றுதலைக் குறித்துத் தாமஸ் அக்கெம்பிஸ் இயற்றிய நூலை நியூட்டன் எடுத்துப் படித்தார். இவையெல்லாம் மெய்யாயின் என் கதி யாதாகும் என்னும் எண்ணம் மனத்தில் எழ, அஞ்சிப் புத்தகத்தை மூடிவிட்டார்.

அவ்விரவே பெரும்புயல் எழுந்தது. அது 1748ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அக்கால ஆங்கிலப் பஞ்சாங்கப்படி 10ஆம் தேதி, இக்காலக் கணக்கில் 21ஆம் தேதி. கடல்நீர் அவர் படுத்திருந்த அறைக்குட் பாய்ந்தது. மேலே ஏறப்போனவரைத் தலைவர் ஒரு கத்தி கொண்டுவரும்படி திருப்பியனுப்ப, அவருக்கு முன்னே மேலே சென்ற வேறொருவன் அலையால் வாரிச்செல்லப்பட்டான். கப்பலின் ஒரு பக்கம் உடைந்து நீர் உட்புகுந்தது. மாலுமிகள் தம் உடைகளையும் படுக்கைகளையும் திணித்துப் பலகையறைந்து பொத்தல்களை அடைத்தனர். தேன்மெழுகும் மரமும் நீரினும் இலேசானவையாதலால் கப்பல் அமிழாது மிதந்தது. விடியற்காலம் மூன்று மணிமுதல் நண்பகல்வரை நியூட்டன் நீரிறைத்தார். அப்போது, இம்முயற்சியும் பயன்படாவிடிற் கர்த்தரே இரங்கவேண்டும் என்னும் பொருள்படத் தலைவரிடம் ஏதோ கூறினார். கூறியதும் திடுக்கிட்டார். பல ஆண்டுகளாக நிந்தித்த நாமத்தையன்றோ அவர் நா உதவிக்கு அழைத்தது! தமக்கு இரக்கம் எவ்வாறு கிடைக்கும் என்று மனம் கலங்கினார்.

சிறிது இளைப்பாறியபின், நள்ளிரவுவரை சுக்கானைப் பற்றி நின்றார். அந்நேரத்தில் தம் வாழ்க்கை முழுவதும் அவர் கண்முன் வந்து நின்றது. தம்மைப் போன்ற பாவி வேறொருவனும் இரான் என்று எண்ணினார். தம் குற்றத்திற்குத் தாமே ஈடு செய்யமுடியாதென்பது அவருக்குத் தெளிவாயிற்று. அன்னை கற்பித்த வசனங்கள் ஒவ்வொன்றாய் நினைவிற்கு வந்தன. தமக்காக அன்றிப் பிறர் பாவங்களுக்காகவே இயேசுநாதர் சிலுவையில் மரித்தார் என்னும் செய்தி, முன்பு கட்டுக்கதையாகத் தோன்றியது, இப்போது உயிர்பிழைக்கும் ஒரே வழியாகத் தோன்றிற்று. எனினும் அவர் எளிதில் நம்பிவிட்டாரல்லர். தொடர்ந்து வந்த நாட்களிற் புதிய ஏற்பாட்டை எடுத்து ஆராய்ந்தார். கேட்பவர்க்குப் பரிசுத்த ஆவியைப் பரமபிதா அருளுவாரென்று லூக்கா சுவிசேஷம் கூறுதலைக் கண்டார். இது மெய்யாயிற் கேட்டுப் பார்த்தல் தகும். பொய்யாயின் அதுவும் வெளிப்படும் என்று துணிந்து ஜெபிக்கத் தொடங்கினார். கெட்டகுமாரன் உவமையிலே தம் சரித்திரத்தையே படித்தார்.

நான்கு வாரம் உணவு குறைந்து, குளிரால் நடுங்கி, ஏப்ரல் 8ஆம் தேதி அயர்லாந்திலுள்ள லாக் ஸ்வில்லி என்னும் துறையை அடைந்தனர். நங்கூரம் பாய்ச்சிய இரண்டு மணி நேரத்திற்குள் கடுங்காற்று எழுந்தது. கடலில் இருந்திருப்பின் கப்பல் பிழைத்திராது. லண்டன்டெரி நகரத்து ஆலயத்தில் நியூட்டன் திருவிருந்திற் பங்குபெற்றுத் தம்மைக் கர்த்தருக்கு ஒப்புவித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு. மார்ச்சு 21ஆம் தேதியை வாழ்நாள் முழுதும் ஜெபத்தோடு கொண்டாடி வந்தார்.

இத்துடன் கதை முடியுமாயின் இனிதே. உண்மையோ வேறு. புயலில் இரக்கம் பெற்ற நியூட்டன் அவ்வாண்டிலேயே அடிமைக் கப்பலொன்றில் துணைத்தலைவராகச் சென்றார். 1750ஆம் ஆண்டில் மேரியை மணந்தார். அவ்வாண்டுமுதல் 1754ஆம் ஆண்டுவரை மும்முறை அடிமைக் கப்பலுக்குத் தலைவராயிருந்து, ஆப்பிரிக்க மக்களை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசென்று விற்றார். ஞாயிறுதோறும் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார்; கீழ்த்தளத்தில் ஆடவர் இருவர் இருவராகப் பிணிக்கப்பட்டு, மூச்சுவிடவும் இடமின்றி நெருங்கிக் கிடப்பர். கலகம் எழுமோ என்று ஐயுற்ற 1752ஆம் ஆண்டில், சிறுவர் சிலர் விரல்களில் இருப்புத் திருகை வைத்து நெருக்கி உண்மை கூறச் செய்ததைத் தம் கப்பற் குறிப்பேட்டிலேயே எழுதினார். தம் பசிக்கு உணவளித்த இனத்தாரை அவரே விற்றார் என்பது எத்துணைக் கொடிது!

இஃது எங்ஙனம் நேர்ந்தது? அவ்வணிகத்தை அக்காலச் சட்டம் அனுமதித்தது. செல்வர் அதிற் பொருளை இட்டனர். சபையாருள்ளும் மிகப் பலர் அதைக் குற்றமென எண்ணவில்லை. குடியும் நிந்தையுமே பாவமென்று கருதி அவற்றை விட்ட நியூட்டனுக்கு, ஊரார் ஒப்பிய பாவம் பாவமாகத் தோன்றவில்லை. இது விளக்கமேயன்றி மன்னிப்பாகாது. புயலுக்குப் பின்னரும் நெடுங்காலம் தாம் முழுப்பொருளில் விசுவாசியாயிருந்ததாகத் தாம் கருதவில்லையென்று அவரே பிற்காலத்தில் எழுதினார்.

1754ஆம் ஆண்டில் மீண்டும் புறப்படவிருந்த சமயத்தில் திடீரென்று வலிப்பு நோய் கண்டு, கடற்றொழிலை விட்டார். லிவர்பூல் துறைமுகத்திற் சுங்க அதிகாரியாய் அமர்ந்து, கிரேக்கும் எபிரேயமும் தாமே பயின்றார். குருப்பட்டம் வேண்டியபோது, பல்கலைக் கழகக் கல்வியில்லாத அவரை அத்தியட்சர்கள் ஏற்கத் தயங்கினர். ஆறாண்டு காத்திருந்தபின், டார்ட்மவுத் பிரபுவின் துணையால் 1764ஆம் ஆண்டிற் பட்டம் பெற்று, ஆல்னி என்னும் சிற்றூரில் ஊழியஞ் செய்தார். அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் சரிகைப் பின்னல் வேலை செய்யும் ஏழை மக்கள். அவர்களுக்காகவும் கவிஞர் வில்லியம் கூப்பரோடு சேர்ந்தும் அவர் இயற்றிய பாட்டுகளே 1779ஆம் ஆண்டில் ஆல்னிப் பாட்டுகள் என வெளிவந்தன. அதிலுள்ள 348 பாட்டுகளுள் ஏறக்குறைய 280 நியூட்டன் ஐயருடையவை. மேலே கூறிய புகழ்பெற்ற பாட்டு 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டுப் பிரசங்கத்தின்பொருட்டு எழுதப்பட்டது. அந்நாட்களிலேயே கூப்பர் மனநோயால் வீழ்ந்தார். நியூட்டன் ஐயர் அவரைத் தம் இல்லத்தில் ஓராண்டுக்கு மேல் வைத்துப் பேணினார்.

1780ஆம் ஆண்டுமுதல் இலண்டன் மாநகரில் புனித மேரி உல்நாத் ஆலயத்துக் குருவானார். 1785ஆம் ஆண்டில் வில்லியம் வில்பர்போர்ஸ் என்னும் இளம் பார்லிமெண்டு அங்கத்தினர், புதிதாக விசுவாசங்கொண்டு, அரசியலைத் துறக்கலாமோ என்னும் ஐயத்தோடு இவரிடம் இரகசியமாக வந்தார். துறக்கற்க, அவ்விடத்திருந்தே தொண்டு செய்க என்பது ஐயரின் ஆலோசனை. பின்னர் அவ்விளைஞர் அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடத் தொடங்கியபோது, அதன் கொடுமையைக் கண்ணாற் கண்ட சாட்சி தேவைப்பட்டது. நியூட்டன் ஐயர் 1788ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைக் குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடலை விட்டு முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தன. ஊரார் மதிக்கும் முதிய குருவாகிய அவர் வாய் திறவாதிருந்திருக்கலாம். எனினும், தாம் செய்தவற்றை மறையாது வெளியிட்டு, இவ்வறிக்கை காலங்கடந்து வந்ததென்றும் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். மன்னரின் ஆலோசனைச் சபை முன்னும், பின்னர் மக்கட் சபைக் குழு முன்னும் நேரிற் சாட்சி கூறினார்.

நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்புண்டு. இலண்டனில் வழிதவறி அலைந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் ஸ்காத்லாந்து இளைஞர் அவரால் விசுவாசத்திற்கு வந்து, கல்வி பெற்று, 1797ஆம் ஆண்டில் வங்காளம் சேர்ந்தார். 1806ஆம் ஆண்டிலே தஞ்சையையும் மலையாள நாட்டுச் சிரியன் சபைகளையும் நேரிற் கண்டு, வேதாகமம் மலையாளத்திற் பெயர்க்கப்படுவதற்கு ஊக்கமளித்தவர் இவரே.

1790ஆம் ஆண்டில் மேரி அம்மையார் காலஞ்சென்றார். கண்ணொளி மங்கிய பின்னரும் ஐயர் எண்பது வயது கடந்து பிரசங்கஞ் செய்தார். 1807ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் ஆங்கில நாட்டில் நிறைவேறிற்று. அதனைக் கேட்டறிந்தபின், அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் தேதி, எண்பத்திரண்டாம் வயதில் நித்திரையடைந்தார். தம் கல்லறை வாசகத்தையும் தாமே எழுதி வைத்தார். பழைய இழிவை அதில் மறைத்தாரில்லை.

மாணவ நண்பர்களே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இச்சரித்திரம் கூறும் விடை யாது? கடவுள் பாவியை ஏற்றுக்கொள்ளுதல் அவன் தகுதியால் அன்று, கிருபையாலேயாம். ஆதலின் கேட்ட அந்நாளிலேயே அது கிட்டும். புயலிடையே சுக்கான் பிடித்து நின்ற இளைஞர் தம்மைத் திருத்திக்கொண்டபின் ஜெபித்தாரல்லர், இருந்தபடியே ஜெபித்தார். ஆயின் அஃது ஆரம்பமேயன்றி முடிவன்று. ஏற்றுக்கொள்ளப்பட்டவனது மனச்சாட்சியைக் கடவுள் சிறிது சிறிதாகத் திறக்கிறார். திறக்குந்தோறும், கண்டதை ஒப்புக்கொண்டு, விட்டு, தீங்கிழைக்கப்பட்டோர்பொருட்டு வாய்திறத்தல் அவன் கடனாம். நியூட்டன் ஐயர் அதற்கு மிகத் தாமதித்தார். அத்தாமதத்தின் விலையைச் செலுத்தியவர் அவரல்லர், கீழ்த்தளத்திற் கிடந்தோரே. நாம் மேல்தளத்தில் ஜெபிக்கும் நேரத்தில், நம் காலத்தார் குற்றமென எண்ணாத எக்கொடுமை நமது கீழ்த்தளத்தில் கிடக்கின்றது என்று இன்றே இறங்கிப் பார்ப்போமாக. இரக்கம் பெற்றவர்க்கு அங்கே இறங்க அச்சம் வேண்டுவதில்லை.