பராந்தக சோழன்: கணக்கு காட்டாதவரின் சொந்தக்காரரையும் தடுத்த உத்திரமேரூர் விதி

ஆதித்த சோழனின் மகன் முதலாம் பராந்தகன் 907-ல் அரியணை ஏறினார். மதுரையை வென்று, 'மதுரை கொண்டான்' எனப் பட்டம் சூடினார். ஆனா இன்னிக்கும் அவரை நினைக்க வைப்பது, அவர் ஆட்சியில் 919, 921-ல் உத்திரமேரூர் சபை பொறித்த குடவோலை விதிகள்தான்.

வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் பெயரைக் குடத்தில் போட முடியாது. அவரோட சித்தி, பெரியம்மா, அத்தை, மாமன் பிள்ளைகளுக்கும் அதே தடைதான்.

இப்படி உறவைத் தொடர்ந்து போய்த் தேடுறதுதான் கிராஃப் டேட்டாபேஸ் வேலை. ஆள் ஒரு புள்ளி, உறவு ஒரு கோடு. ஜானஸ்கிராஃப் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை இலவசமாவே பயன்படுத்தலாம்.

949-ல் தக்கோலப் போரில் மகன் ராஜாதித்தனைப் பறிகொடுத்த பராந்தகன், 955 வாக்கில் மறைந்தார். விதிகள் மட்டும் இன்னும் கோயில் சுவரில் எல்லார் பார்வைக்கும் இருக்கு.