குவெண்டலின் புரூக்ஸ் அம்மையார்

கற்றோர் பலர் கூடும் அவை ஒன்றிற்குச் சென்று மீள்பவர் அங்கிருந்து கொண்டுவருவது யாது? சிலர் மாலையும் புகழுரையும் கொண்டுவருவர். சிலர் புதிய நண்பர் சிலருடைய பெயர்களையும் பிரயாணக் களைப்பையும் கொண்டுவருவர். தம் வாழ்க்கையின் போக்கையே மாற்றிக்கொண்டு மீள்பவர் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கறுப்பினத்தாரிடையே தோன்றிப் பெரும்புகழ் எய்திய கவி குவெண்டலின் புரூக்ஸ் அம்மையார் ஆவர். அவர் 2000-ம் ஆண்டில் இவ்வுலக வாழ்வை நீத்தனர். ஐம்பதை அணுகிய பிராயத்தில், நாடறிந்த கவியாய் விளங்கிய காலத்தில், ஓர் எழுத்தாளர் மகாநாட்டிற்குச் சென்று, அங்கே மீண்டும் மாணாக்கியாயினார் என்பதே அவர் சரித்திரத்தில் நம் கலாசாலை மாணவர் சிறப்பாய் அறியத்தக்க பகுதியாகும். அதனை இயன்ற அளவு சுருக்கிக் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1917-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ந் தேதி கான்ஸாஸ் மாகாணத்துத் தொபீகா நகரிலே பிறந்தார். பிறந்த சில வாரங்களுக்குள் பெற்றோர் அவரைச் சிக்காகோ நகருக்குக் கொண்டுசென்றனர். அந்நகரின் தென்பகுதியே வாழ்நாள் முழுவதும் அவருக்கு ஊரும் உறவுமாயிற்று. தந்தையார் டேவிட் புரூக்ஸ் என்பவர் வைத்தியராக வேண்டுமென்னும் ஆவலுடன் பிஸ்க் கலாசாலையில் ஓராண்டு பயின்றவர். அவ்வாவல் நிறைவேறாமற் போகவே, குடும்பத்தைக் காக்கும் பொருட்டு, இசைநூல் வெளியிடும் நிறுவனமொன்றிற் கட்டிடத்தைத் துப்புரவு செய்து காவல் புரியும் வேலையில் அமர்ந்தார். அன்னையார் கீஸையா அம்மையார் முன்னர்ப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்.

மகள் ஏழெட்டு வயதிலேயே செய்யுள் எழுதத் தொடங்கியது கண்ட அன்னையார், வீட்டு வேலைகளிற் பெரும்பாலானவற்றினின்றும் அவளை விடுவித்தார். தந்தையார், சிறு சிறு அறைகள் பல கொண்ட எழுதுமேசை ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். செல்வமில்லாத இல்லத்தில் ஒரு பெண்குழந்தையின் கவிதைக்கென ஒரு மேசையும் ஓய்வும் ஒதுக்கப்பட்டன என்பதை நம்மிற் பெற்றோராயிருப்போர் எண்ணிப் பார்த்தல் தகும். 1930-ம் ஆண்டில், அவருக்குப் பதின்மூன்று வயதாயிருக்கும்போது, சிறுவர் பத்திரிகையொன்றில் அவருடைய முதற் செய்யுள் அச்சேறிற்று. அதன்பின், கறுப்பினத்தாரின் பெயர்பெற்ற பத்திரிகையாகிய சிக்காகோ டிபெண்டரில் அவர் செய்யுட்கள் பல வெளிவந்தன.

அக்காலத்திற் கறுப்பினப் புலவருள் முதல்வராய் மதிக்கப்பட்டவர்கள் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனும் லாங்ஸ்டன் ஹியூஸும் ஆவர். இவ்விருவரும் சிக்காகோவிற்கு வந்தபோது அன்னையார் மகளை அழைத்துச் சென்று அவர்களைச் சந்திக்கச் செய்தார். ஜான்சன் சற்று விலகியே நின்றார். ஆயினும் அப்பெண் அனுப்பிய செய்யுட்களைப் பார்வையிட்டு, புதிய கவிகளின் நூல்களைப் படிக்குமாறு கடிதமூலம் அறிவுறுத்தினார். ஹியூஸோ கையெழுத்துப் படிகளைத் தேவாலயத்திலேயே வாங்கிப் படித்து, இடைவிடாது எழுதுமாறு ஊக்கினார். இளைஞரின் எழுத்தைப் பெரியோர் ஒருவர் சில நிமிஷங்கள் பொறுமையுடன் படிப்பது எத்துணைப் பெரிய கொடை என்பதை அம்மையார் அன்றே உணர்ந்தார். பிற்காலத்தில் அவர் இளைஞருக்குச் செய்தனவெல்லாம் அந்தக் கடனைத் திருப்பியளித்ததே எனக் கூறலாம்.

1936-ல் அவர் வில்ஸன் இளநிலைக் கலாசாலையிற் படிப்பை முடித்தார். பின்பு தக்க வேலை கிடைக்கவில்லை. சிலகாலம் பிறர் வீடுகளிற் பணிபுரிந்தார். மெக்கா என்னும் பெரிய அடுக்குமாளிகையிலே மந்திர மருந்துகளும் தாயத்துக்களும் விற்றுவந்த ஒருவனிடம் எழுத்து வேலையும் பார்த்தார். முன்னொருகாற் செல்வர் வாழ்ந்த அம்மாளிகையில் அப்போது எண்ணற்ற ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. அங்கே கண்ட துன்பம் முப்பது ஆண்டுகள் அவர் உள்ளத்திற் கிடந்து, பின்னர் ஒரு பெருங்காவியமாக உருப்பெற்றது. 1939-ல் தம்மைப்போலவே கவிதையில் விருப்பமுடைய ஹென்றி பிளேக்லி என்பவரை மணந்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு மக்கள் பிறந்தனர்.

முதற் புகழ்

1941-ல், தென்பகுதியிலிருந்த கலை நிலையமொன்றில் இனெஸ் ஸ்டார்க் என்னும் வெள்ளைக்காரச் சீமாட்டியார் கவிதைப் பயிற்சி வகுப்பு நடத்திவந்தார். அதில் அம்மையார் சேர்ந்து, தம் செய்யுளைப் பிறர் கண்டிக்கக் கேட்டுத் திருத்தும் பழக்கத்தைப் பெற்றார். 1945-ல் சிக்காகோவின் கறுப்பர் தெருக்களைப் பாடிய அவருடைய முதல் நூல் வெளிவந்தது. வெளியீட்டாளர் வேண்டுகோளின்படி அதனை முன்னரே படித்துப் பாராட்டியவர், நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட். 1949-ல் வெளியான 'ஆனி ஆலன்' என்னும் நூலுக்காக 1950-ம் ஆண்டின் புலிட்ஸர் பரிசு அம்மையாருக்கு அளிக்கப்பெற்றது. கறுப்பினத்தாருள் அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே.

பரிசுச் செய்தி எட்டிய மாலையில், கட்டணம் செலுத்தாமையால் அவர் இல்லத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. இருள் சூழ்ந்த வீட்டிலே அந்நற்செய்தியைக் கேட்டார். மறுநாட் காலையில் நிருபர்களும் படம்பிடிப்போரும் வந்து கம்பிகளைச் சுவரிற் செருகும்போது, விளக்கு எரியாதே என்று அவர் உள்ளம் நடுங்கிற்று. ஆனால் விளக்குகள் எரிந்தன! யாரோ மின்சாரத்தை மீளச் செய்திருந்தனர். செய்தவர் இன்னாரென்று அவர் அறியவில்லை. புகழும் வறுமையும் ஒரே கூரையின்கீழ் வாழ்தல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மகாநாடு

டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரிலுள்ள பிஸ்க் கலாசாலை நம்மனோர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்தபின், 1866-ல், அமெரிக்க மிஷனரிச் சங்கத்தாரின் ஆதரவில், படைவீரர் தங்கியிருந்த பழைய கொட்டகைகளில் அது தொடங்கப்பெற்றது. பணமின்றி அக்கலாசாலை மூடப்படும் நிலையை அடைந்தபோது, மாணவர் சிலர் 1871-ல் இசைக்குழுவாகப் புறப்பட்டு, அடிமைகள் பாடிய ஞானப்பாட்டுக்களை ஊரூராகப் பாடிப் பொருள் திரட்டினர். அப்பொருளைக்கொண்டு எழுந்த ஜூபிலி மண்டபம் அங்கே நிலைபெற்றது. மிஷன் கலாசாலைகளில் ஏழை மாணவரின் உழைப்பு கல்லும் சுண்ணமுமாய் நிற்பதை நாமும் அறிவோம்.

அக்கலாசாலையில் ஆசிரிய எழுத்தாளராயிருந்த ஜான் ஆலிவர் கில்லன்ஸ் என்னும் நாவலாசிரியர் 1966-லும் 1967-லும் கறுப்பின எழுத்தாளர் மகாநாடுகளைக் கூட்டினார். முதல் மகாநாட்டிலேயே கருத்துப்போர் மூண்டது. கவி முதலில் கவி, பின்னரே கறுப்பர் என்னும் கருத்துடைய ராபர்ட் ஹேடன் கடுமையாகத் தாக்கப்பட்டார். இனவேதனையால் நாடு கொதித்துக்கொண்டிருந்த காலமாதலின், கலை யாருக்கு உரியது என்னும் வினா ஏட்டு வினாவாக இல்லை, உயிர் வினாவாயிருந்தது.

1967-ம் ஆண்டு வசந்தகாலத்தில் நடந்த இரண்டாம் மகாநாட்டிற்குப் புரூக்ஸ் அம்மையார் சென்றார். அதற்குச் சற்று முன்புதான் தென் டகோட்டா மாகாணத்துக் கலாசாலையொன்றிற் செய்யுள் படித்து, வெள்ளை மாணவரின் அன்பு நிறைந்த வரவேற்பைப் பெற்றிருந்தார். பிஸ்க் கலாசாலையிலோ அவருக்கு மரியாதை கிடைத்தது, அன்பு கிடைக்கவில்லை. புதிய தலைமுறையினர் அவரைச் சென்ற காலத்துச் சின்னமாகவே கருதினர். அவர்களுடைய ஆரவாரமும் நடையும் உடையும் நெஞ்சுறுதியும் அம்மையாருக்குப் புதுமையாயிருந்தன. கறுப்பர் கறுப்பருக்காகவே எழுதவேண்டும் என்றும், வெள்ளையரின் புகழுரையை உரைகல்லாகக் கொள்ளலாகாது என்றும் அவர்கள் பேசினர்.

இவ்விடத்தில் அம்மையார் என் செய்திருத்தல் கூடும் என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்டின் உயர்ந்த பரிசைப் பெற்றவர் அவர். இளைஞரின் அவமதிப்பைப் பொருட்படுத்தாது வீடு திரும்பியிருக்கலாம். சினந்து எதிருரை நிகழ்த்தியிருக்கலாம். அல்லது அவர் மனம் கவர எண்ணி அவர்தம் சொற்களையே கிளிபோல் திருப்பிச் சொல்லியிருக்கலாம். இம்மூன்றில் ஒன்றையும் அவர் செய்யவில்லை. அமர்ந்து கேட்டார், தாம் அறியாத ஒன்று அங்கே நிகழ்கின்றது என்பதை ஒப்புக்கொண்டார். அறிந்தோர் என்று பெயரெடுத்தபின் அறியேன் என்று சொல்லும் வலிமை எளிதில் வருவதன்று.

மகாநாட்டின் பயன்

அம்மையார் பெற்ற முதற் பயன், தாம் யாருக்கு எழுதுகின்றோம் என்னும் தெளிவு. அதுவரை அவர் தம் இனத்தாரைப் பற்றியே எழுதினார் எனினும், அவற்றைத் தீர்ப்புக் கூறுவோர் பெரும்பாலும் வெள்ளையராயிருந்தனர். இனி, மதுக்கடையிலும் தெருவிலும் சிறைச்சாலையிலும் இருக்கும் தம்மவர் காதிலும் கவிதை விழவேண்டும் என உறுதிகொண்டார்.

இரண்டாவது பயன், இளைஞரின் தோழமை. அவ்வாண்டிலேயே சிக்காகோவில் பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்னும் தெருக்கூட்டத்து இளைஞர்க்கும் கலாசாலை மாணவர்க்கும் கவிதை வகுப்பு நடத்த முன்வந்தார். பிரஸ்பிட்டேரியன் தேவாலயமொன்றிற் கூடிய அவ்வகுப்பு பின்னர் அவர் இல்லத்திற்கே வந்துசேர்ந்தது. தொடக்கத்தில் அவர் பழைய யாப்பு வகைகளைக் கற்பிக்க முயன்றார். மாணாக்கர் அதனை ஏற்கவில்லை. ஆசிரியை இறங்கிவந்தார், வகுப்பு தழைத்தது. பின்பு ஹக்கி மதுபுத்தி எனப் பெயர்கொண்ட டான் லீ என்பவரும் காரலின் ராட்ஜர்ஸ் என்பவரும் அங்கே வளர்ந்த கவிகள். இவ்விளைஞருடன் அம்மையார் மதுக்கடையொன்றினுள் நுழைந்து, குடித்துக்கொண்டிருந்தோர்க்குக் கவிதை படித்ததும் உண்டு. 1967-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கறுப்பினப் பெரியோரின் உருவங்கள் தீட்டப்பெற்ற மரியாதைச் சுவர் சிக்காகோவிற் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது, அவர் உருவமும் அதில் இடம்பெற்றது.

மூன்றாவது பயன், பொருளையும் புகழையும் பணயம் வைக்கும் துணிவு. 1968-ல், மெக்கா மாளிகையில் தொலைந்த குழந்தையைத் தேடி ஒரு தாய் அறையறையாக அலைவதைப் பாடும் நெடுங்காவியம் வெளிவந்தது. அதுவே பழைய பெருநிறுவனத்தின் வாயிலாக வந்த அவருடைய கடைசிப் புதுநூல். 1971-ல் தொகைநூல் ஒன்றை அந்நிறுவனம் வெளியிட்டதோடு அத்தொடர்பு முடிந்தது. 1969 முதல் தம் புதிய நூல்களை, டெட்ராயிட் நகரில் டட்லி ராண்டல் என்னும் நூலகர் 1965-ல் மிகச் சிறு முதலுடன் தொடங்கிய பிராட்ஸைட் அச்சகத்துக்குக் கொடுத்தார். 1972-ல் தம் சரித்திரத்தையும் அங்கேயே வெளியிட்டார். மதுபுத்தி 1967-ல் 400 டாலர் கொண்டு தொடங்கிய தேர்டு வேர்ல்டு அச்சகத்துக்கும் துணைநின்றார். பின்னர் 1987-ல் தம் கவிதைகளின் பெருந்தொகுதியை, தந்தையின் பெயர்கொண்ட தம் சொந்த நிறுவனத்தின் வாயிலாகவே வெளியிட்டார்.

இம்மாற்றத்திற்கு விலையில்லாமற் போகவில்லை. பெரிய பத்திரிகைகளில் அவர் நூல்களுக்கு வரும் மதிப்புரைகள் குறைந்தன. முற்காலத்துச் செய்யுளின் நுண்மை பிற்காலத்தில் இல்லை என்று சில விமரிசகர் குறைகூறினர். இக்குறை முழுதும் பொய்யென நாம் வாதிக்கவில்லை. ஆயின், மெக்காவைப் பாடிய காவியத்திற் பழைய பயிற்சியும் புதிய வேகமும் ஒருங்கே நிற்கின்றன. கற்றதைத் துறவாமலே புதியது கற்கலாம் என்பதற்கு அக்காவியமே சான்று. மேலும், மகாநாட்டில் இளைஞர் கூறிய அனைத்தையும் அவர் அப்படியே கைக்கொள்ளவில்லை. சினத்தை ஏற்றார், வெறுப்பைத் தம் நெறியாகக் கொள்ளவில்லை.

முடிவு

1968-ல் அம்மையார் இல்லினாய் மாகாணத்தின் அரசவைக் கவியாக நியமிக்கப்பெற்று, முப்பத்திரண்டு ஆண்டுகள், உயிருள்ளவரை அப்பதவியை வகித்தார். பள்ளிச் சிறுவர்க்கு ஆண்டுதோறும் கவிதைப் போட்டி நடத்தி, தம் சொந்தப் பணத்திலிருந்தே பரிசளித்தார். பள்ளிகள், சிறைச்சாலைகள், வைத்தியசாலைகள் எனச் சென்றவிடமெல்லாம் கவிதை படித்தார். 1985-ல் வாஷிங்டன் நகரிலுள்ள காங்கிரஸ் நூல் நிலையத்தின் கவிதை ஆலோசகராயினார். கறுப்பினப் பெண்மணி ஒருவர் அப்பதவியை ஏற்றது அதுவே முதன்முறை. 1990-ல் சிக்காகோ அரசாங்கச் சர்வகலாசாலையில் அவர் பெயரால் ஒரு நிலையம் நிறுவப்பெற்றது. அதன் சார்பிற் கறுப்பின எழுத்தாளர் மகாநாடுகள் நடைபெறலாயின. மகாநாடு ஒன்றினால் மாற்றம் பெற்றவரின் பெயரே பிறரை மாற்றும் மகாநாடுகளுக்கு உரியதாயிற்று. 2000-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ந் தேதி, தமது எண்பத்துமூன்றாம் வயதில், சிக்காகோ நகரிலேயே அம்மையார் காலமானார்.

தந்தையார் வைத்தியராக வேண்டி ஓராண்டு பயின்று விட்டுவந்த அதே பிஸ்க் கலாசாலையில், மகள் ஒருசில நாட்களிற் கற்ற பாடம் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் போதுமானதாயிற்று. நம் மாணவரும் இங்கு பயின்று வெளியேறிய பழைய மாணவரும் பற்பல அவைகளுக்குச் செல்கின்றனர், இனியும் செல்வர். அங்கே நமக்கு மாலை கிடைக்கும் நாளைவிட, நாம் அறியாதது ஒன்று உண்டென்று உணரும் நாளே பெரும்பயன் தரும் நாளாகும். இளைஞர் துணிந்து பேசுக. முதியோர் பொறுத்துக் கேட்க. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதுக. அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் காட்டும் நெறி இதுவே.