நியூ லனார்க்கின் றொபேட் ஓவன்

வேல்சு நாட்டின் நியூடவுன் என்னுஞ் சிற்றூரிலே, குதிரைச் சேணம் செய்து விற்கும் ஒருவரின் மகனாக 1771ஆம் ஆண்டு பிறந்தவர் றொபேட் ஓவன். பத்து வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டுத் துணிக்கடைகளில் ஊழியம் பயின்றார். பிறர்க்குக் கீழிருந்து உழைப்பாரின் மனவியல்பை அவர் அறிந்துகொண்டது அக்கடைகளிலேதான்.

இருபது வயதளவில், மான்செஸ்ரர் நகரிலே ஏறக்குறைய ஐந்நூறு பேர் தொழில் செய்த நூற்பாலையொன்றின் மேலாளராயினார். பதவி கிட்டிய மறுநாளே கட்டளைகளை அடுக்கும் இயல்பினரை நாம் எத்தனையோ பேர் கண்டிருக்கின்றோம். ஓவனோ முதல் ஆறு வாரங்கள் தாமாக எக்கட்டளையும் இடாது, காலையில் முதல்வராய் வந்து, மாலையிற் கடைசியாய்ச் சென்று, வேலை நடைபெறும் முறையையே பார்த்திருந்தார்.

1800ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஸ்கொத்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையிலுள்ள நியூ லனார்க் நூற்பாலைகளின் பொறுப்பை ஏற்றார். அவரும் பங்காளிகளும் 60,000 பவுணுக்கு வாங்கிய ஆலைகள் அவை. களவும் குடியும் அங்கே மலிந்திருந்தன. ஓவன் வீடுகளைத் திருத்தினார். நல்ல பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்கும் கடை வைத்தார். பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். ஆயினும் தொழிலாளர் அவரை நம்பினாரல்லர். வேற்று நாட்டான் தம்மை மேலும் பிழியவே இவையெல்லாஞ் செய்கின்றான் என்று ஐயுற்றனர். அவர்கள்மீது குற்றங் கூறுதல் எளிது. அதுவரை அவர்கள் கண்ட முதலாளிமாரை நினைந்தால் அது நியாயமான ஐயமே.

அந்த ஐயத்தைத் தீர்த்தது ஒரு முட்டுப்பாடு. ஓவன் தம் சரிதையிற் குறித்தபடி, 1806ஆம் ஆண்டு அமெரிக்கா தன் துறைமுகங்களை அடைத்தது. பஞ்சின் விலை ஏறவே ஆலைகள் பல மூடப்பட்டன. தொழிலாளர் தெருவில் நின்றனர். ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் விலக்கவில்லை. இயந்திரங்களைத் துப்புரவாக வைத்திருத்தலே வேலையென்று சொல்லி, நான்கு மாதங்கள் முழுக் கூலியும் கொடுத்தார். செலவு 7,000 பவுணுக்கு மேல். ஒரு முழம் நூலும் நூற்காத அம்மாதங்களிலேதான் நியூ லனார்க் அவர் பக்கம் சாய்ந்தது.

அவர் வகுத்த மற்றொரு முறை மிகப் புகழ்பெற்றது. ஒவ்வொரு தொழிலாளர் அருகிலும் நாற்புறமும் நிறம் தீட்டிய சிறு மரத்துண்டொன்று தொங்கும். முன்னாள் நடத்தை தீதெனிற் கறுப்பு, நடுத்தரமெனில் நீலம், நன்றெனில் மஞ்சள், மிக நன்றெனில் வெள்ளை முகம் முன்னே திரும்பியிருக்கும். பேசாக் கண்காணி என்பது அதன் பெயர். கண்காணி என்றாற் பிரம்பை நினைக்கும் நமக்கு இது வியப்பே. தீர்ப்புத் தவறெனக் கருதுவோர் ஓவனிடமே முறையிடலாம். அவர் வேலைத்தலத்தினூடே நடந்து நிறங்களைப் பார்ப்பார். கறுப்பைக் கண்டாலும் வாய்திறந்து ஏசமாட்டார். நாளடைவிற் கறுப்புக் குறைந்து வெள்ளை மிகுந்தது என்கிறார் அவர். புள்ளிப் பதிவேட்டோடு காலங் கழிக்கும் ஆசிரியனாகிய எனக்கு அந்த மரத்துண்டின்மீது முழு மகிழ்ச்சியில்லை. முழுக் கூலி தந்த நான்கு மாதங்களை நீக்கிவிட்டு அதனை மட்டும் தொங்கவிட்டிருந்தால், அது மற்றொரு பிரம்பாகவே இருந்திருக்கும்.

பள்ளிக்கும் தொழிலாளர் நலத்துக்கும் பணம் செலவிடுவதைப் பங்காளிகள் வெறுத்தனர். 1813ஆம் ஆண்டு இறுதியில் ஆலைகள் ஏலத்துக்கு வந்தன. புதிய பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு ஓவன் 114,100 பவுணுக்கு அவற்றை மீட்டார். அவர் திரும்பி வந்தபோது ஊரவர் எதிர்கொண்டு, வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். 1816இல் நாள் வேலை 10¾ மணியாகக் குறைந்தது. சிறுவர்க்கும் பெரியவர்க்கும் கல்விக்கூடம் திறக்கப்பட்டது.

இத்தனை நன்மை செய்தவரும் ஆலை நடத்துவதில் தொழிலாளரின் வாக்கைக் கேட்டாரல்லர்; நல்லது எதுவெனத் தாமே தீர்மானித்தார். 1825இல் அமெரிக்காவின் இந்தியானாவில், நியூ ஹார்மனி என்னும் பொதுவுடைமைக் குடியிருப்பைத் தொடங்கினார். அங்கே கூடியோர் கூலியாட்களல்லர். தத்தம் கருத்தோடு வந்தவர்கள். மூன்றாண்டு முடியுமுன் அது கலைந்தது. அவருடைய செல்வத்தின் பெரும்பகுதியும் அதனோடு போயிற்று. 1858 நவம்பர் 17ஆம் நாள், பிறந்த ஊராகிய நியூடவுனிலேயே ஓவன் காலமானார். நியூ லனார்க் ஆலைகள் 1968 வரை இயங்கின.